எங்கேயாவது பிடிக்குதா?

தையல்காரிக்குப் புகார் சொல்கிறவர்கள்தான் தெய்வம். தைத்த கோட்டை ஆள்மேல் மாட்டிவிட்டு, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, "எங்கயாவது பிடிக்குதா?" என்று கேட்பேன். ஒருத்தி கக்கத்தில் பிடிக்கிறது என்பாள். ஒருத்தர் தன் தொப்பையைக் குறைக்காமல், உட்கார்ந்தால் வயிற்றில் இறுக்குகிறது என்று என்னைக் குறை சொல்வார். மனதுக்குள் திட்டிக்கொண்டே பிரித்துத் தைத்துக் கொடுப்பேன். அவர்கள் வாயைத் திறக்காவிட்டால் எனக்குப் பிழைப்பு ஓடாது.

இதே கேள்வியை என் வீட்டுக்காரரிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டேன். நூறு தடவையும் "சூப்பரா இருக்கும்மா" என்றார். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அந்தக் கையில் அவருக்கு உணர்ச்சியே கிடையாது. வாட்ச் மாட்டினாலும் சூப்பர்தான், வாளால் அறுத்தாலும் சூப்பர்தான்.

பக்கவாதம் வந்துபோன பிறகு கால் மீண்டது, பேச்சு மீண்டது, வாய் முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே மீண்டது. இடது கை மட்டும் பாதிதான் வந்தது. விரல்கள் மடங்கும், முழங்கை நீளும். ஆனால் முழங்கைக்குக் கீழே தொட்டால் தெரியாது. தெரியாததால், தனக்கு அப்படி ஒரு கை இருப்பதையே மறந்துவிடுவார். நாற்காலியிலிருந்து நழுவி அது பாட்டுக்குத் தொங்கும். கதவைச் சாத்துவார், விரல் நடுவில் இருக்கும்.

ஒரு நாள் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "ஏம்மா, ஏதோ கருகுதே. யாரோ ஒருத்தர் துணி போச்சு" என்றார். மிஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். கருகியது துணி இல்லை. அவருடைய உள்ளங்கை ஓரம் இஸ்திரிப்பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண், தீக்காயத்துக் கட்டைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, பலம் வந்துட்டுத்தான் இருக்கு. ஆனா சார் அந்தக் கையைக் கண்டுக்கவே மாட்டேங்கறார். அடிக்கடி பார்க்கணும், வேலைக்கு இழுக்கணும். இப்படியே விட்டா அது வெறும் சுமையாத்தான் தொங்கும். அவர் கவனம் அந்தப் பக்கம் போற மாதிரி ஏதாவது மாட்டி விடுங்க."

சிவப்பு ரிப்பன் கட்டினேன். ரிப்பனையும் சேர்த்து மறந்தார். கடைசியில் அவரே பீரோவைக் காட்டி, "என் வாட்சை எடு" என்றார்.

முன்பு துறைமுகத்தில் கப்பலுக்கு அடியில் முங்கி, ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுகிற வேலை அவருக்கு. அப்போது ஆசைப்பட்டு வாங்கிய ஆழ்கடல் வாட்ச் அது. எடைக்கல்லுக்கு முள் வைத்தது போல இருக்கும். சங்கிலியும் அதற்கேற்ற தடி ஸ்டீல்.

மாட்டிய அன்றே பலன் தெரிந்தது. கை நழுவினால் சங்கிலி நாற்காலிக் கட்டையில் ணங்கென்று இடிக்கும். அவர் திரும்பிப் பார்த்து, "ஓ, நீயா?" என்று கையிடம் சொல்லிவிட்டு, வலது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பிசியோ பெண்ணும் சரி என்றாள். உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் போட வேண்டும், இறுகக் கூடாது, உரசக் கூடாது என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவஸ்தை எனக்கு.

கை மெலிந்திருந்ததால் வாட்ச் வளையல் மாதிரிச் சுழன்று உள்ளங்கைப் பக்கம் போய்த் தொங்கியது. தெருமுனை வாட்ச் கடைக்கு இவரை அழைத்துக்கொண்டு போனேன். அந்தக் கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஒரு கண்ணில் அது எப்போதும் ஒட்டியிருக்கும், இன்னொரு கண் தெருவில் போகிறவர்களைப் பார்க்கும். அவர் இரண்டு கண்ணிகளைத் தட்டி எடுத்தார், மறுபடி மாட்டினார்.

"எப்படி சார், வசதியா இருக்கா?"

"சூப்பர்."

"பாருங்க மேடம், சாரே சொல்லிட்டார்."

மறுநாள் கழற்றிப் பார்த்தால் தோல் உரிந்திருந்தது. மனுஷன் இரண்டு கண்ணியையும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார். சங்கிலியைப் பூட்டும் லாக் மணிக்கட்டின் நடுவில் உட்காராமல் எலும்போரம் ஒதுங்கி, அதன் விளிம்பு நாளெல்லாம் அறுத்திருக்கிறது. புண்ணைக் காட்டினேன். "அட, அப்படியா?" என்றார் இவர், பக்கத்து வீட்டு விஷயம் கேட்கிற மாதிரி.

பிசியோ பெண்ணின் முகம் மாறிவிட்டது. "உணர்ச்சி இல்லாத கையில புண்ணு வந்தா ஆபத்துக்கா. இன்னொண்ணு பார்த்தேன்னா வாட்ச் பீரோவுக்குள்ள போயிடும், சொல்லிட்டேன்."

பீரோவுக்குள் வாட்ச் போனால் கை மறுபடி மறந்துபோகும். மறுபடி கதவு, மறுபடி இஸ்திரிப்பெட்டி. எனக்குத் தூக்கமே போய்விட்டது.

புண் ஆறிய மறுநாளே நாத்தனார் வந்தார். "ரப்பர் ஸ்ட்ராப் போட்டா தீர்ந்துது. இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார். சரி, பெரியவர் சொல்கிறாரே என்று ரப்பர் வாங்கி மாட்டினேன். அன்று சாயங்காலம் உள்ளே வந்து பார்த்தால் கை நாற்காலிக்கு வெளியே தொங்கி வீங்கிப்போயிருந்தது. ரப்பர் எங்கே சத்தம் போடும்? இவர் விளையாட்டுச் செய்தியில் இருந்தார். நாத்தனார் எதிரிலேயே உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு பூதக்கண்ணாடியிடம் போனேன்.

"ரெண்டு பக்கமும் பார்த்து எடுக்க மாட்டீங்களா? நான் ஒரு கோட்டுல ஒரு தோளை மட்டும் வெட்டிக் குடுத்தா நீங்க போட்டுக்கிட்டுப் போவீங்களா?"

"சார்தானே மேடம் சூப்பர்னு சொன்னார்?"

"சார் எதைத்தான் சூப்பர்னு சொல்லல!"

முணுமுணுத்துக்கொண்டே பக்கத்துக்கு ஒன்றாகக் கண்ணிகளை மாற்றிக் கொடுத்தார். காலையில் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. சாயங்காலம் கை நீர் கோத்து உப்பியதும், சங்கிலி சதைக்குள் புதைந்து பல் பல்லாகத் தடம் விழுந்தது. போய் இளக்கிக்கொண்டு வந்தேன். சாயங்காலத்துக்குச் சரி, காலையில் ஊஞ்சல். மறுபடி போனேன். என்னைத் தூரத்தில் கண்டதும் பூதக்கண்ணாடி ஷட்டரைப் பாதி இறக்கினார். பாதியில் குனிந்து உள்ளே போய், கண்ணிகளைக் கோக்கும் பின்னைத் தள்ளுகிற கருவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு ஆளை நம்பி அலைந்தது போதும் என்று ஆகிவிட்டது.

வீட்டில் முதல் தட்டிலேயே பின் தெறித்து எங்கோ போனது. நான் குண்டூசி பொறுக்குகிற காந்தத்தை எடுத்துத் தரை முழுக்கத் தடவினேன். நான் தொலைத்த ஊசிகள் எல்லாம் வந்தன, அந்தப் பின் மட்டும் வரவில்லை. இவர் மேலே உட்கார்ந்துகொண்டு, "இந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாரு" என்று அதிகாரம் செய்தார். கடைசியில் அது அவர் சட்டைப் பையிலேயே கிடந்தது.

"நீங்க ஒரே ஒரு தடவை, 'இங்க இறுக்குது'ன்னு சொன்னா என்னங்க?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனாம்மா?"

கோபமாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுப்படிக்குப் போய்க் கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்துத் திரும்பவும் சத்தம் வரக் கழுவினேன்.

அப்புறம் டேப்பை எடுத்துக் காலையில் ஒரு அளவு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பார்த்தேன். லாக்கின் ஓரத்தில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருந்தன. பின்னை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டால் சங்கிலி ஒரு நூல் இளகும். இது பூதக்கண்ணாடிக்குத் தெரியாமல் இருக்காது. சொல்ல வாய் வலித்திருக்கிறது. அவர் இளக்கியதில் மறுபடி ஓரம் ஒதுங்கியிருந்த லாக், ஒரு கண்ணியை எலும்போரப் பக்கத்துக்கு மாற்றியதும் நடுவுக்கு வந்தது. காலையில் உள் ஓட்டை, மத்தியானத்துக்கு மேல் வெளி ஓட்டை. எப்போது விட்டாலும் என் சுண்டுவிரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் ஆடக் கூடாது. தையலுக்கு நடுவே எழுந்து எழுந்து போய்க் கழற்றித் தோலைப் பார்ப்பேன். "மறுபடியுமா?" என்று அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிசியோ பெண் வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு தடம்கூட இல்லையேக்கா! எங்க போய்ச் சரி பண்ணீங்க?"

"இங்கதான்" என்றேன். நான் தைத்த எந்தக் கோட்டுக்கும் எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

அடுத்த வாரம் ஒரு வக்கீலம்மா கறுப்புக் கோட்டு அளவு பார்க்க வந்திருந்தார். நீதிமன்றத்துக்குப் போகிற அவசரம் அவருக்கு. நான் வாயில் குண்டூசிகளுடன் அவர் கக்கத்துப் பக்கம் குனிந்திருந்தேன். இவர் வழக்கம்போல நாற்காலியில் பேப்பருடன் இருந்தார்.

"ஏம்மா, இந்த வாட்ச் கடிக்குதும்மா."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆவேசம் வந்ததோ! குண்டூசிகளைக் கையில் துப்பினேன்.

"கடிக்குதா? நாய் படாத பாடு பட்டு இப்பத்தான் ஒரு வழியா உட்கார வெச்சிருக்கேன், இன்னிக்குப் பார்த்துக் கடிக்குதா? கடைக்காரர்கிட்ட சூப்பர், பிசியோகிட்ட சூப்பர், உங்க அக்காகிட்ட சூப்பர். நான் பண்ணினா மட்டும் கடிக்குதோ உங்களுக்கு?"

"அட, அதுக்கில்லம்மா. முடியைப் பிடிச்சு இழுக்குது. கட்டைவிரல் பக்கம். சுருக்கு சுருக்குன்னு." பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார்.

"இழுக்கட்டும். நல்லா இழுக்கட்டும். இந்தம்மா வேலையை முடிச்சுட்டுத்தான் வருவேன்."

வக்கீலம்மா கையைத் தூக்கியபடியே நின்றார். நான் மறுபடி குனிந்தேன். மடிப்பில் ஒரு குண்டூசி குத்தினேன். இன்னொன்று குத்தினேன். மூன்றாவதைக் குத்தப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னாச்சுக்கா?" என்றார் வக்கீலம்மா.

எழுந்து இவரிடம் போனேன். அவர் இன்னும் விளையாட்டுச் செய்தியில்தான் இருந்தார். கைப்பக்கம் பார்க்கவே இல்லை. குனிந்து பார்த்தேன். கட்டைவிரலுக்கு மேலே, இரண்டு கண்ணிகளுக்கு நடுவில் ஒரே ஒரு முடி மாட்டியிருந்தது.

"எங்கயாவது பிடிக்குதா?" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? இங்கதான்..."

சங்கிலியைச் சுண்டி இழுத்தேன்.

"ஆ! அடியே, கொல்றியா?"

பேப்பர் கீழே விழுந்தது. கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"ஏம்மா" என்றார் மெதுவாக. "இன்னொரு தடவை இழு."

இழுத்தேன். "ஆ!" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. வலியா, வேறா, நான் கேட்கவில்லை. என் கண்ணே எனக்குத் தெரியாமல் வழிந்துகொண்டிருந்தது. தரையில் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

"லாக்கும் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கு" என்றார். "இந்த ஓரம் லேசா உறுத்துது. வாட்ச் பயங்கர கனம்மா. இதை எப்படி இத்தனை வருஷம் மாட்டிக்கிட்டு அலைஞ்சேன்?"

"சொல்லுங்க" என்றேன். "இன்னும் சொல்லுங்க."

பின்னாலிருந்து வக்கீலம்மா தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். "அக்கா, எனக்கும் கக்கத்துல பிடிக்குது."

"கொஞ்சம் இருங்கம்மா" என்றேன். "இவர் முதல்ல சொல்லி முடிக்கட்டும்."