கட்டளை மட்டும் தெரிந்த பாஷை

எனக்கு இத்தாலியன் தெரியும் என்று பசுந்தாங் பேட்டை முழுக்கப் பீற்றித் திரிந்தவன் நான், செல்லக்கண்ணு. ஜெர்மன் சண்டை முடிந்த கையோடு ஓர் இத்தாலியச் சரக்குக் கப்பலில் அடுப்படி வேலை பார்த்தேனே, சும்மாவா? ஆனால் அங்கே எவன் என்னோடு பேசினான்? ஏவினார்கள். தீ மூட்டு, வெட்டு, கடலில் கொட்டு, சீக்கிரம், தின்னு. அவ்வளவுதான் என் இத்தாலியன். உனக்கு எங்கே வலிக்கிறது என்று அந்தக் கப்பலில் ஒருத்தனும் கேட்டதில்லை.

இப்போது என் பெண்டாட்டி பவுனம்மாள் என் தோளில் துவண்டு கிடந்தாள். கடைவாய்ப்பல் சொத்தை. கன்னம் கழுத்துவரை வீங்கி, உடம்பு அனலாய்க் கொதித்தது. முந்தின நாளிலிருந்து சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. சீனக்கடைத் தெருவான லத்தாவில் பல் பிடுங்கும் சீனர் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். இங்கிலீஷ் டாக்டர் பங்களாக் காவல்காரன் கேட்டையே திறக்கவில்லை, படுபாவி. மிச்சம் இருந்தவர் புதிதாய் வந்திறங்கிய இந்த இத்தாலியப் பல் டாக்டர்தான். அவருக்குத் தன் பாஷையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

"தொரை, பல்லு தொரை! தொண்ட அடச்சிப் போச்சு தொரை!" என்று அவர் வாசலில் நின்று கத்தினேன்.

அவர் விழித்தார். நான் கப்பல் பாஷையை எடுத்துவிட்டேன். கன்னத்தைக் காட்டி "ஃபோக்கோ!" என்றேன். தீ. தொண்டையைக் காட்டி "மாஞ்ஞா!" என்று கையை விரித்தேன். தின்ன முடியவில்லையாம். "ப்ரெஸ்தோ! ப்ரெஸ்தோ!" சீக்கிரம். ஒரு வெள்ளைக்காரனை நான் அதட்டி ஏவுகிறேன்!

அவளை நாற்காலியில் சாய்த்து, ஈறு கீறும் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு வாயை மெல்ல நெம்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஈறும் நாக்கும் வெந்து வெளுத்திருந்தன.

"வெலேனோ?" என்றார்.

கப்பலில் எலிமருந்து டப்பாவைக் காட்டி என்னை மிரட்டிய சொல் அது. விஷம். கட்டினவளுக்கு விஷம் வைத்தவன் என்றல்லவா என்னைப் பார்க்கிறார்! கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போலீசைக் கூப்பிடக் கதவுக்குப் போனார்.

ஐயோ, அது எருக்கம்பால்! எங்கள் கூலி வரிசை வீடுகளில் யாருக்குப் பல் வலித்தாலும் சொத்தையில் ஒரு சொட்டு விடுவோம். அவள் கதறல் பொறுக்காமல் நான் தாராளமாய் விட்டுவிட்டேன். மருந்து என்பதற்கு இத்தாலியனில் என்ன சொல்? எனக்கெங்கே தெரியும்? எவன் எனக்கு மருந்து கொடுத்தான்?

"என்னைத் தூக்குல போடச் சொல்லு தொரை! மொதல்ல இவளப் பாரு!" என்று அவர் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் உதறினார். அவளுக்குக் கண் செருகியது. எனக்கு உலகமே இருண்டது.

மடியில் எருக்கம்பால் சிமிழ் இருந்தது. எடுத்தேன். என் பல்லைத் தொட்டுக் காட்டிவிட்டு, மிச்சம் முழுவதையும் என் வாயில் கவிழ்த்து, ஈறெல்லாம் தேய்த்தேன். அம்மாடி, அந்த எரிச்சல்! கண்ணில் நீர் கொட்ட, வாயைத் திறந்து அவரிடம் நீட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். என் வாயையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓடிப்போய்க் கத்தியை எடுத்தார்.

ஈற்றைக் கீறியதும் சீழ் கிண்ணம் நிறைய வந்தது. பவுனம்மாள் நீளமாய் ஒரு மூச்சு விட்டாள்.

டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார். எனக்கு ஒரு மிடறும் இறங்கவில்லை, தொண்டை வெந்து மூடிக்கொண்டது. அவள் தன் தம்ளர் தண்ணீரைக் குடித்தாள். பிறகு என் கையிலிருந்ததையும் வாங்கிக் குடித்தாள்.