சாக மறுத்த செல்கள்

"உன் செல் ஒண்ணுகூட சாகலம்மா."

திங்கக்கிழமை காலையில, சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டே கட்டின புருஷன் இப்படிச் சொன்னா எப்படி இருக்கும்? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆய்வுக்கூடத்துல என் அறையில அந்தப் புற்றுநோய் செல்கள் மருந்து பட்டதும் கொத்துக் கொத்தா செத்து விழுது. பக்கத்து அறையில, இவர் கையில மட்டும் சாக மாட்டேங்குதாம்!

விஷயம் இதுதான். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லோட சவ்வுலயும் குட்டிக் குட்டி பம்பு இருக்கு. சோடியத்தை வெளிய தள்ளி, பொட்டாசியத்தை உள்ள இழுக்கறதுதான் அதுக்கு முழுநேர வேலை. பலவீனமான இதயத்துக்குக் காலங்காலமா குடுக்கற ஒரு மாத்திரை அந்தப் பம்பைக் கொஞ்சம் அடக்கி வைக்கும், இதயம் அழுத்தமா துடிக்கும். அதே பம்பைப் புற்றுநோய் செல்லுல அடக்கினா? அது திணறிப்போகும். கடையில கிடைக்கற மாத்திரையை வச்சே புற்றுநோயை மடக்கலாம்னு மூணு வருஷமா நான் குதிச்சுக்கிட்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து இதய டாக்டரம்மா வர்றாங்க. இதய மருந்தாச்சே, அவங்க சரின்னாதான் புற்றுநோயாளிங்களுக்குக் குடுத்துப் பார்க்க முடியும். இல்லன்னா மூணு வருஷமும் அம்போ. வேற ஒருத்தர் தனியா செஞ்சு பார்த்தும் அதே முடிவு வரணும்னு நிபந்தனை வேற. அந்த வேற ஒருத்தரா எங்க ஆராய்ச்சி நிலைய இயக்குநர் தேடிப் பிடிச்ச ஆள்தான் என் வீட்டுக்காரர். "பொண்டாட்டிக்காகக்கூட இம்மியும் விட்டுக்குடுக்க மாட்டார்"னு சர்டிபிகேட்டும் குடுத்தார். ஆய்வுக்கூடத்துல இவருக்குப் பேரே சந்தேகம் சார்.

"மருந்து ஊத்தினீங்களா, பச்சைத் தண்ணி ஊத்தினீங்களா?"

"பத்து மடங்கு ஊத்தினேன், சாகல. நூறு மடங்கு ஊத்தினேன், அப்பவும் கும்முனு இருக்கு. வேணும்னா வந்து பாரு."

போய் மைக்ராஸ்கோப்புல பார்த்தேன். நிஜமாவே கும்முனுதான் இருந்துச்சு. திட்டறதுக்கு வாயைத் திறந்தவ அப்படியே நின்னுட்டேன். நூறு மடங்கா? மனுஷ செல் எதுவா இருந்தாலும் அதுல தாங்காதே!

"ஏங்க, இந்த அலமாரியில வேற என்ன வளர்க்கறீங்க?"

"எலி செல். ஏன்?"

எலியோட பம்புல இந்த மருந்து சரியா ஒட்டாது. பாடப்புத்தகத்துலயே இருக்கற சங்கதி! எப்பவோ எலி செல் ஒரு சொட்டு மனுஷ செல் தட்டுல தப்பி விழுந்திருக்கு. எலி செல் பெருகிப் பெருகி, மனுஷ செல்லைத் துரத்திட்டு வீட்டையே வளைச்சுப் போட்டுருச்சு.

"இது மனுஷ செல்லே இல்லீங்க! எலி! அத்தனையும் எலி!"

அவர் லேசுல நம்புவாரா? டி.என்.ஏ. சோதனை செஞ்சு, எலிதான்னு எழுத்துல வந்த பிறகுதான் முகத்தைத் தொங்கப்போட்டார். அப்புறம் வேற அறை, வேற அலமாரி, புது மனுஷ செல்னு முதல்லேர்ந்து ஆரம்பிச்சார்.

வியாழக்கிழமை காலையில நான் பஸ்ல வரும்போது போன் அடிச்சுது. "செத்துருச்சும்மா! எல்லாம் செத்துப்போச்சு!"

"ஐயோ, எவ்வளவு சந்தோஷமா இருக்குங்க!"னு நான் கத்தின கத்துல பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. பக்கத்து சீட்டு அம்மா எழுந்து வேற இடத்துக்குப் போயிட்டாங்க.

"இரு, இரு," அப்படின்னார் இவர். "மருந்து எலிக்கு உறைக்காதுன்னா, உன் எலி சோதனைப் படம்?"

என் உயிரே அந்தப் படத்துலதான் இருக்கு. மனுஷ புற்றுநோய்க் கட்டியை எலி உடம்புல வளர்த்து மருந்து குடுத்தேன். கட்டி சுருங்கிச்சு, எலி ஜாலியா ஓடுது. 'கட்டியைக் கொல்லும், உடம்பைத் தொடாது'ன்னு அதைக் காட்டித்தான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருந்தேன். எலிக்கு உறைக்கவே உறைக்காத மருந்து எலியை எப்படித் தொடும்? அந்த அளவு மருந்துக்கு மனுஷ இதயம் நின்னே போயிடும்.

"இதை வெள்ளிக்கிழமை கழிச்சு சொன்னா உங்க வாய் வெந்தா போயிடும்?"

"நாளைக்கு டாக்டரம்மா கேட்டா என்ன சொல்லுவே?"

போனை வச்சேன். பஸ்ஸை விட்டு இறங்கி விறுவிறுன்னு அவர் அறைக்குள்ள போனேன், சண்டை போடத்தான். மனுஷன் மைக்ராஸ்கோப்பு பக்கம் கையைக் காட்டினார். இதய நோயாளி ரத்தத்துல இருக்கற அதே துளி அளவுல மருந்து வச்ச தட்டு. நான் வழக்கமா பார்த்த உடனே ஒதுக்கிடற தட்டு அது, ஏன்னா அதுல எதுவும் சாகாது.

அன்னிக்கும் சாகல. ஆனா மருந்து படாத தட்டுல திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கிட்டிருந்த செல்லெல்லாம் இதுல தனித்தனியா பிரிஞ்சு கிடக்கு! புற்றுநோய் ரத்தத்துல கொத்தா போனாதான் சுலபமா இன்னொரு இடத்துல வேர் பிடிக்கும். தனியாப் போற செல் பெரும்பாலும் வழியிலயே செத்துரும். அடப்பாவி, மூணு வருஷமா இதையா குப்பையில போட்டேன்! அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். சாயங்காலத்துக்குள்ள என் அறையிலயும் செஞ்சு பார்த்தோம், அங்கயும் பிரிஞ்சுது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா முன்னாடி எலி படத்தைப் போட்டேன்.

"இதை நம்பாதீங்கம்மா. எலி நல்லா இருக்கறதுக்குக் காரணம் மருந்தோட நல்ல குணம் இல்ல, எலியோட பம்பு. கட்டியைக் கொல்ற அளவை மனுஷங்களுக்குக் குடுக்க முடியாது. கொத்தைப் பிரிக்கற அளவைக் குடுக்கலாம். என்கிட்ட மிச்சம் இருக்கறது அவ்வளவுதான்."

இயக்குநர் தலையில கை வச்சுட்டார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி மேஜையில வச்சாங்க.

"எலி சங்கதி எனக்குத் தெரியும். அதை மறைச்சுட்டு இந்தப் படத்தைக் காட்டியிருந்தீங்கன்னா, கும்பிடு போட்டுட்டுக் கிளம்பியிருப்பேன். அந்தத் துளி அளவைத்தான் என் நோயாளிங்க தினமும் சாப்பிடறாங்க. அதுல எங்க ஜாக்கிரதையா இருக்கணும்னு எனக்கு அத்துபடி. சின்னதா ஆரம்பிப்போம். முதல் ஒன்பது பேரை நானே பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு. மேஜைக்கு அடியில இவர் கையை இறுக்கிப் பிடிச்சேன்.

"அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வாங்க," டாக்டரம்மா எழுந்துக்கிட்டாங்க. "முதல் ஆள்கிட்ட நீங்களே பேசுங்க. ரெண்டு பிள்ளைங்களோட அம்மா. இப்ப எங்கிட்ட சொன்ன மாதிரியே அவங்ககிட்டயும் சொல்லணும்."

சொல்றேன்னு தலையை ஆட்டினேன். இவ்வளவு நாளும் எலி ஓடுறதைப் பார்த்துக் குதிச்சவ நான். இப்ப அந்தப் பிள்ளைங்களோட அம்மா முகத்தைப் பார்த்துப் பேசணும்.