கயிறு பிடிச்ச கை

காத்து மத்தியானமே வந்துடுச்சு. லான்சலின் கரையில அந்தக் கடல்காத்தை டாக்டர்னுதான் சொல்லுவாங்க. காலையில இருந்து வெயில்ல வெந்து கிடக்கிற ஊருக்கு அதுதான் மருந்து. அன்னைக்கு மட்டும் பியரோவுக்கு அது மருந்தா தெரியல. கோர்ட்டுல பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு.

ஆழமில்லாத தண்ணியில பின்னால சாஞ்சு உட்கார்ந்திருந்தான். ரெண்டு காலும் தண்ணி மேல சறுக்குற போர்டுல மாட்டியிருக்கு. தலைக்கு மேல பெரிய பட்டம். பட்டத்தோட கயிறெல்லாம் கையில இருக்கிற கம்புல வந்து சேருது. கம்பு இடுப்புப் பட்டையில கொக்கி போட்டிருக்கு. பட்டத்தை ஒரு பக்கமா சாச்சா இழுக்கும். அந்த இழுப்புலயே எழுந்திரிச்சுத் தண்ணி மேல நின்னுடணும். அவ்வளவுதான் விஷயம். பல்லு விழுந்த பொடிசுங்க எல்லாம் நிக்குது. பியரோ கோடை முழுக்க விழுந்துகிட்டே இருந்தான்.

"கம்பை நெஞ்சுக்கு இழுக்காதப்பா! தள்ளி விடு! இழுத்தா அது இன்னும் வெறி பிடிச்சு இழுக்கும்னு எத்தனை தடவை சொல்றது?"

பக்கத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு கத்தினது ரெனி, அவன் மக. பதினாறு வயசு. அவனும் டெனிஸும் பிரிஞ்ச பிறகு அம்மாகூட பெர்த்ல இருக்கா. அப்பப்ப சனி, ஞாயிறு இங்க வருவா. நாளைக்கு அம்மாவும் பொண்ணும் ஹோபார்ட்டுக்குப் போறாங்க, குடி மாறி. நாட்டோட அந்தக் கோடி. சாயங்காலம் டெனிஸ் வந்து கூட்டிட்டுப் போயிடுவா.

கிறிஸ்துமஸ் சமயத்துல ரெனிதான் சொன்னா: "நீ மட்டும் நிக்கக் கத்துக்கோப்பா, ரெண்டு பேரும் எதுத்தாப்புல இருக்கிற தீவு வரைக்கும் சேர்ந்து போயிட்டு வரலாம்." சொன்னது அவளுக்கே மறந்திருக்கும். அவன் மறக்கல. வீட்டுக்குள்ள அவங்களுக்குப் பேச்சே கிடையாது. அவ போனைப் பார்ப்பா, அவன் கழுவின தட்டையே திரும்பக் கழுவுவான். இந்தத் தண்ணியிலதான் அவ அவனைத் திட்டினா, சிரிச்சா, அப்பா அப்பான்னு கத்தினா. இதுல அவகூட நிக்க முடிஞ்சா ஒவ்வொரு கோடைக்கும் வருவா. முடியலன்னா எதுக்கு வரப்போறா, அவன் மூஞ்சியைப் பார்க்கவா?

"ஏன்டா மாப்ள, கடலைக் குடிச்சே தீர்த்துடறதுன்னு முடிவா?" கரையில வண்டியை நிறுத்திப் பின்னாடி ஏறி உட்கார்ந்திருந்த கெவ் கத்தினான். பியரோவோட சிங்கிறால் படகுல அவனுக்குக் கீழ வேலை பார்த்தவன். படகு போயிடுச்சு, கெவ்வும் அவன் பீரும் மட்டும் மிச்சம். "பட்டம் விடுறவனைப் பார்த்துக் காறித் துப்பின ஆளு! இப்ப பாரு!"

"அவன் கிடக்கான் விடுப்பா. என்னைப் பாரு. பட்டத்தைச் சாய்ச்சதும் கையைத் தளத்து," ன்னா ரெனி.

தளத்து. அந்த ஒரு வார்த்தைதான் அவன் உடம்புல ஏறல. வாலிபத்துல இருந்து இறால் கூண்டு தூக்கின கை அது. கயிறு வெட்டி இழுத்தா பின்னால சாஞ்சு வலிச்சு இழுக்கணும். விட்டா அது ஓடுற ஓட்டத்துல காலைச் சுத்தி ஆளையே கடலுக்குள்ள கூட்டிட்டுப் போயிடும். அப்படிப் போன ஒருத்தனை அவன் கண்ணால பார்த்திருக்கான். மூளை 'விடு'ன்னு சொல்லும். கை கேக்காது.

பட்டத்தைச் சாச்சான். இழுத்துச்சு. கை தானா கம்பை நெஞ்சுக்கு வாங்கிச்சு. அவ்வளவுதான், முன்னால தூக்கி எறிஞ்சு மூஞ்சி தண்ணியில அறைஞ்சு, போர்டு ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். காத்து கரையோரமாவே தள்ளிட்டுப் போய் எங்கயோ விட்டுச்சு. அங்க இருந்து பட்டத்தைச் சுமந்துகிட்டு, குளிக்க வந்தவங்க எல்லாருக்கும் நடுவுல திரும்பி நடந்து வரணும். பட்டக்காரங்க அதுக்கு வெக்க நடைன்னு பேர் வச்சிருக்காங்க. அந்தக் கோடையில கரை மணல் முழுக்க அவன் கால்தடம்தான்.

திரும்ப உட்கார்ந்தான். திரும்ப விழுந்தான். வெயில் சாய ஆரம்பிச்சுது.

அப்புறம் ஒரு தடவை, எப்படின்னு அவனுக்கே தெரியல, நின்னுட்டான். காலடியில தண்ணி கிழிஞ்சு ஓடுது. "அப்பா! நீ நிக்கிறப்பா!" ரெனியோட குரல் குழந்தையில கேட்ட அதே குரல். சந்தோஷத்துல அவன் கை இறுகிச்சு.

விழுந்து எழுந்தப்ப மூக்குல ரத்தம் ஒழுகிச்சு.

ரெனி ஓடி வந்து பட்டத்தைப் பிடிச்சு இறக்கினா. "போதும்பா."

"இன்னும் ஒரே ஒரு தடவை கண்ணு. நின்னேன்ல? பார்த்தல்ல?"

"பார்த்தேன்பா. நல்லா நின்ன." தீவுப் பக்கம் திரும்பினா. "அம்மா வர்றதுக்குள்ள நான் ஒரு சுத்து போயிட்டு வந்துடட்டுமா? இன்னைக்குத்தானே கடைசி."

அனுமதி கேட்டா. வந்த விருந்தாளி கேக்கிற மாதிரி. ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தாக்கூட அவனுக்கு இவ்வளவு வலிச்சிருக்காது.

அவளோட புதுப் பட்டத்தை மணல்ல செங்குத்தா நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டான். அவ தண்ணியோரமா பின்னால போய் நின்னு, கயிறை இறுக்கிப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தினா. விடுன்னு அர்த்தம். அவன் விடல. பட்டம் காத்துல படபடன்னு துடிச்சுது.

மறுபடியும் கட்டை விரல்.

"விடுப்பா! பிடிச்சு வச்சா ஆபத்து! விடு!"

விட்டான். பட்டம் சீறி மேல ஏறிச்சு. அவ போர்டுல காலை வச்ச கையோட தீவைப் பார்க்கப் போயிட்டா. வழியில ஒரு தடவை தண்ணியை விட்டே எழும்பி அந்தரத்துல மிதந்தா. தீவோரம் வளைஞ்சப்ப சின்னப் புள்ளியாத் தெரிஞ்சா. அவன் மூக்கைத் துடைச்சுக்கிட்டு பார்த்துக்கிட்டே நின்னான்.

திரும்பி வந்ததும் பட்டத்துல அடைச்சிருந்த காத்தைப் பிடுங்கிவிட்டு, மணலை உதறி, சுருட்டினாங்க. வழக்கமா சுருட்டினதும் பையில ஏறி அவனோட கொட்டகைக்குப் போகும், பழைய கூண்டுக் கயிறு மேல. அது அங்க கிடக்கிற வரைக்கும் அவ வருவான்னு அவனுக்கு ஒரு நம்பிக்கை. வாரம் பூரா அப்பப்ப போய்ப் பையைத் தொட்டுப் பார்த்துட்டு வருவான்.

ரெனி பையைக் கட்டிட்டு நிமிரல. "அப்பா... அங்கயும் நல்ல காத்து இருக்குன்னு சொல்றாங்க. இதை எடுத்துட்டுப் போயிடட்டுமா? இன்னைக்கு நீ விட்ட பழசு உனக்கு இருக்கட்டும். பழகிப் பாரு."

"உன்னோடதுதானே கண்ணு."

அவனே தூக்கிட்டுப் போய், அதுக்குள்ள வந்து நின்ன டெனிஸோட கார்ல வச்சான். டெனிஸ் அவன் மூக்கைப் பார்த்தா. "என்ன பியரோ இது, இந்த வயசுல? ஐஸ் வை." உண்மையான அக்கறையோடதான் சொன்னா.

ரெனி கட்டிப் பிடிச்சா. முடியெல்லாம் உப்பு. "போன் பண்றேன்பா."

"பண்ணு."

கார் வளைவுல திரும்புற வரைக்கும் ஜன்னல் வழியா அவ கை ஆடிச்சு. இவனும் கையைத் தூக்கினான். கயிறு இழுத்து இழுத்து வளைஞ்சுபோன விரல், நாள் முழுக்க கம்பைப் பிடிச்சதுல இன்னும் சுருண்டு கிடந்துச்சு. டாட்டா காட்டினானா, முஷ்டியைக் காட்டினானான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்காது.

கெவ் வண்டியில இடம் ஒதுக்கினான். இந்தத் தடவை கிண்டல் பண்ணல. "நின்னியாமே மாப்ள?"

"ம்."

"எவ்வளவு நேரம்?"

கெவ் ஒரு பீர் கேனைத் திறந்து நீட்டினான். பியரோ வாங்கிக்கிட்டான். கேனைப் பிடிக்க அந்த விரல் கச்சிதமா இருந்துச்சு.

காத்து இன்னும் நிக்கல. கடல் முழுக்க யார் யாரோட பட்டமோ பறந்துகிட்டு இருந்துச்சு.