மூன்றாம் கேமராவுக்குக் காலை வணக்கம்

தூங்காத கண் ஒன்று தன்னைக் காத்து நிற்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் மனித நாகரிகம் முழுவதும் எழும்பி நிற்கிறது. வடக்கே குளிர்நாடு ஒன்றில், ராண்டர்ஸ் என்ற ஊரின் சலவை ஆலைக்கு அந்தக் கண் ஆகஸ்ட் மாதம் வந்து சேர்ந்தது. மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றதால் நான்கு கண்களாக வந்தது.

இலவசக் கேமராவைக் குப்பைத் தொட்டிக்கு மேலே மாட்டினார்கள். மற்ற மூன்றும் உள்ளே. முதலாவது அழுக்குத் துணி பிரிக்கும் மேசையைப் பார்த்தது, இரண்டாவது சாப்பாட்டு அறையைப் பார்த்தது, மூன்றாவது பெரிய இஸ்திரி உருளையைப் பார்த்தது. திருடன் வந்தால் நாலு விரிப்பு தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போவான் என்று முதலாளி ப்ரெபென் நினைத்திருக்க வேண்டும்.

வேலை ஐந்தரைக்கு. ரிக்மோர் நாலு ஐம்பதுக்கே வந்து கதவைத் திறப்பாள். நவம்பர் இருட்டு முதுகில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். நீராவிக் குழாயின் திருகை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புவாள். உள்ளே தேங்கிய தண்ணீர் உறுமிக்கொண்டு வடியும். உருளை சூடேற அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் மருத்துவமனையிலிருந்து வந்த மூட்டைகளை வண்டியில் ஏற்றித் தள்ளுவாள். நனைந்த விரிப்பு பிணக்கனம் கனக்கும். பத்தொன்பது வருடம் ஒரே பக்கமாகத் தள்ளியதில் அவள் இடுப்பு இடதுபுறம் சாய்ந்துவிட்டது. சீக்கிரம் வரச் சொல்லி யாரும் சொன்னதில்லை. உருளை தானாகவே சூடாகிக் காத்திருக்கிறது என்று ப்ரெபென் நம்பிக்கொண்டிருந்தார். அது அந்த இயந்திரத்தின் நல்ல குணம் என்று ஒருமுறை சொன்னதும் உண்டு.

கேமரா மாட்டிய அன்று அவர் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். அங்கே முதலாளியையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள். அதனாலேயே எல்லோரும் சமமாகிவிட்டதாக முதலாளிகளுக்கு ஒரு நினைப்பு.

"இது உங்க பாதுகாப்புக்குத்தான். இன்னையிலேருந்து நீங்க யாரும் தனியா இல்ல" என்றார், கண் கலங்கும்படி.

ரிக்மோர் மட்டும்தான் அதை நம்பினாள்.

திருட்டு ஒரு ஞாயிறு மத்தியானம் நடந்தது, ஊரே டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது. வந்தவன் அலுவலக ஜன்னலை நெம்பி, இரண்டு லேப்டாப்பையும் காபி மெஷினையும் தூக்கிப் போயிருந்தான். 'ஆண்டின் சிறந்த முதலாளி' என்று பொறித்த கண்ணாடிக் கோப்பையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்திருந்தான். ப்ரெபெனுக்கு அதில்தான் கூடுதல் வருத்தம்.

திங்கட்கிழமை முழுவதும் அவர் பதிவுகளைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை ஸனே என்ற போலீஸ்காரி வந்து பதிவுப் பெட்டியையே கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை ரிக்மோரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னலில் அட்டை ஒட்டியிருந்தது. கோப்பை மேசை நடுவில் இருந்தது.

ஸனே ஒரு டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினாள். சாம்பல் நிறத்தில் ஒரு கிழவி உருளைக்கு முன்னால் நின்று, நேராகக் கேமராவைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். வாய் அசைந்தது. தலையை ஆட்டினாள். மறுபடி வாய் அசைந்தது. அது தான்தான் என்று புரிய ரிக்மோருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தன்னை வெளியிலிருந்து அவள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

"முப்பது நாள் பதிவு. அதுல இருபத்திரண்டு காலை. இருபத்திரண்டும் இப்படியேதான்" என்றார் ப்ரெபென். "ஒருத்தரும் இல்லாத நேரத்துல வர்றா. அலாரத்தை அணைக்கிறா. கைய காட்டுறா. யாருக்கு ஜாடை காட்டுறா?"

"நீ சொல்லும்மா. யார்கிட்ட பேசுற?" என்றாள் ஸனே.

ரிக்மோர் கோப்பையைப் பார்த்தாள். காது மடல் சூடாகிக்கொண்டே போனது. கணவன் ஐனர் இறந்து ஆறு வருடம். மூன்றாவது மாடியில் வீடு. ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. இந்தக் கதவும் மூடிவிட்டால் காலையில் கோட் மாட்டிக்கொண்டு போவதற்கு ஓர் இடம் கிடையாது.

"அதுகிட்டதான்."

"எதுகிட்ட?"

"கேமராகிட்ட. குட் மார்னிங் சொல்வேன். மழையா பனியான்னு சொல்வேன். முழங்கால் வலிச்சா அதையும் சொல்வேன்." பிறகு ப்ரெபெனைப் பார்த்தாள். "நீதான சொன்ன, நாங்க யாரும் தனியா இல்லன்னு. யாரோ அந்தப் பக்கம் இருக்காங்கன்னு நெனச்சேன்."

ஸனே டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"அலுவலக ஜன்னலுக்கு ஏன் கேமரா இல்ல?" என்று ப்ரெபெனைக் கேட்டாள்.

"அங்க எதுக்கு? அங்க நான்தான இருப்பேன்."

"திருடனும் அங்கதான் இருந்தான். எனக்கு நீ குடுத்தது எழுநூறு மணி நேரப் பதிவு. அதுல இவங்க ஒழைக்கிறது இருக்கு, ஒரு நரி குப்பைத் தொட்டிய கெளறுறது இருக்கு. வேற ஒண்ணுமில்ல. நரிய விசாரிக்கட்டுமா?"

"விசாரணை முடியிற வரைக்கும் இவ நாளையிலேருந்து வர வேண்டாம்" என்றார் ப்ரெபென். "அனுமதி இல்லாம நாப்பது நிமிஷம் முன்னாடி உள்ள வர்றது பாதுகாப்புக் குறைபாடு."

"அது உன் ஆலை விஷயம். போலீஸ் சொல்லிச்சுன்னு மட்டும் சொல்லாத" என்று ஸனே எழுந்து போனாள்.

சாவியை ரிக்மோர் மேசையில் வைத்தாள். அவர் அதை எடுத்துத் தொழிலாளர் பிரதிநிதி மிலிட்சாவைக் கூப்பிட்டு, "நாளையிலேருந்து நீ தெற" என்று கொடுத்தார்.

"உருளைய யாரு சூடு பண்றது?" என்றாள் மிலிட்சா.

"அது தானா சூடாகுமே."

மிலிட்சா சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டு அறையில் பதின்மூன்று பேரும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைக் கேட்டார்கள். ரிக்மோர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். கேமராவோடு பேசினாளாம் என்றதும் இளையவள் ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்தது நடுவழியில் நின்றுவிட்டது.

"பத்து வருஷமா பக்கத்துல நிக்கிறேன்" என்றாள் ஹோதான், மடிப்பு மேசையில் வேலை செய்பவள். "என் மகன் பல்லு மொளைச்சது வரைக்கும் அவளுக்குத் தெரியும். அவ முழங்கால் வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதுடீ. டப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு."

"இன்னைக்கு ஜாடை காட்டுனான்னு அவள அனுப்புறான்" என்றாள் மிலிட்சா. "நாளைக்கு நீ மூக்கு சொறிஞ்சா உன்ன அனுப்புவான். எல்லாம் பதிவாகுதில்ல? திருடன் ஒருத்தன் மட்டும் அதுல இல்ல."

"என்ன பண்ணலாம்ங்குற?"

"கூட்டம் போடலாம்."

யாரும் விளக்கம் கேட்கவில்லை. வேலை நேரத்தில் கூட்டம் கூடினால் வேலை நின்றுவிடும், அது எப்போது முடியும் என்பது கூட்டத்துக்கு மட்டும்தான் தெரியும். அந்த நாட்டில் குழந்தைகூட அறிந்த விஷயம் அது.

வெள்ளிக்கிழமை விடியுமுன், நாலே காலுக்கு, மிலிட்சா மூன்று மாடி ஏறிக் கதவைத் தட்டினாள். தட்டிய கை இறங்குவதற்குள் கதவு திறந்தது. ரிக்மோர் கோட்டும் பூட்ஸுமாக நின்றாள். சமையலறையில் விளக்கு எரிந்தது. மேசையில் ஒரே ஒரு கோப்பை, கழுவிக் கவிழ்த்திருந்தது.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்ல. பழக்கம்" என்றாள் ரிக்மோர். "உக்காந்திருந்தேன்."

"வா, போலாம்."

"வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே."

"வேலைக்குத்தான வரக் கூடாது. கூட்டத்துக்கு வரலாம்."

நாலு ஐம்பதுக்கு ஆலை வாசலில் எல்லோரும் நின்றார்கள், வாயில் ஆவி பறக்க. ஹோதான் கையில் சுடச்சுட ரொட்டிப் பை. மிலிட்சா கதவைத் திறந்து அலாரத்தை அணைத்தாள். நீராவித் திருகை யாரும் தொடவில்லை. உருளை, தன் நல்ல குணத்தையெல்லாம் மறந்து, பனிக்கட்டியாகக் கிடந்தது. பதினான்கு பேரும் அதன் முன்னால் வரிசையாக நின்று மேலே பார்த்தார்கள். மூன்றாம் கேமராவின் சிவப்புப் பொட்டு எரிந்தது.

"நீதான் ஆரம்பிக்கணும்" என்றாள் ஹோதான்.

ரிக்மோருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கையைப் பாதிவரை தூக்கினாள். அவள் வாய் திறப்பதற்குள் பதின்மூன்று குரல் "குட் மார்னிங்!" என்று கத்தியது. யாரோ மழை என்றார்கள். யாரோ தன் முதுகுவலியைச் சொன்னார்கள். ஹோதான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ரிக்மோருக்கு முழங்கால் வலிக்குது, எழுதிக்கோ" என்றாள். ரிக்மோர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஹோதானின் கையைப் பிடித்தாள். இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போன கை, தன்னுடையதைப் போலவே இருந்தது.

ஆறு மணிக்கு, தேய்த்த விரிப்புகளை ஏற்றிப்போக வந்த தங்கும் விடுதிகளின் வண்டிகள் வெறுமையாக வாசலில் வரிசை கட்டின. ஆறு பத்துக்கு, எல்லோரும் ரொட்டியோடு உட்கார்ந்திருந்த சாப்பாட்டு அறையில் தொலைபேசி அடித்தது.

"என்ன நடக்குது அங்க? உருளை ஏன் ஓடல?" என்றார் ப்ரெபென்.

"கூட்டம்" என்றாள் மிலிட்சா.

"எதப் பத்தி?"

"ரிக்மோரப் பத்தி. அப்புறம் கேமரா எந்தப் பக்கம் பாக்கணும்கறதப் பத்தி."

"எப்ப முடியும்?"

மிலிட்சா மேசையைச் சுற்றிப் பார்த்தாள். ரிக்மோர் இரண்டாவது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் இருந்தவளுக்கும் சேர்த்து.

"இப்பத்தான ஆரம்பிச்சிருக்கோம்" என்று போனை வைத்தாள்.

அன்று காலை கேமராவில் எதுவும் பதிவாகவில்லை. பதிவுப் பெட்டி பத்து நாளாகப் போலீஸ் நிலையத்தில் இருந்தது.