பதின்மூன்று டிகிரி

மகன் இறந்த இருபதாம் நாளிலிருந்து சலவைக்கடைக்காரி இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. உள்ளங்கையாலேயே சட்டைகளைத் தேய்த்தாள். மடிப்பு நன்றாகவே விழுந்தது. காலர் மட்டும் கொஞ்சம் பழுப்பேறுகிறது என்று இரண்டு வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். டாக்டர் அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் விரிசல் விட்டது. அவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, வியாதி ஒன்றுமில்லை, ஓய்வெடுத்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். ஏழு வயதுப் பிள்ளையை நான்கே நாள் காய்ச்சலில் பறிகொடுத்தவளுக்கு இந்தச் சூடு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அவளுடைய கவலை இரண்டு வயது மகள். ஒருநாள் குழந்தை தடுக்கி விழுந்து அழ, இவள் மறந்துபோய்த் தூக்கிவிட்டாள். முதுகில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்துவிட்டன. அதற்குப் பிறகு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் புருஷன்தான். இவள் அறையின் மறுகோடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றே மாதத்தில் குழந்தை இவளைப் பார்த்துக் கை நீட்டுவதை விட்டுவிட்டது. அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். கண்ணீர் கன்னத்தைத் தாண்டுவதற்குள் ஆவியாகிப் போனது.

விளையாட்டு மைதானத்தின் பின்புறம், ஓட்டக்காரர்கள் கால்வலி தீர இறங்கும் ஐஸ் தொட்டி ஒன்று இருந்தது. தொட்டிக்காரர் கறாரான மனிதர். புதிதாக வருபவர் எந்தக் கொம்பனாக இருந்தாலும் பதினைந்து டிகிரி, இரண்டு நிமிஷம். உதடு நீலம் பாரித்தால் உடனே வெளியே. பழகியவர்களுக்கும் பத்துக்குக் கீழே தண்ணீரைக் குளிரவிட மாட்டார். இவள் இறங்கியபோது எழுந்த ஆவியில் மைதானத்தில் ஓடியவர்களுக்குப் பாதை தெரியவில்லை. அவர் ஐஸைக் கொட்டிக் கொட்டிப் பதினைந்திலேயே நிறுத்திவைத்தார். வெளியே வந்ததும் ஒரு மணி நேரம் இவள் உடம்பு மற்றவர்கள் உடம்பு போலவே இருந்தது. ஓட்டமாய் ஓடி மகளைத் தூக்கினாள். குழந்தை முதலில் முறைத்தது, பிறகு தோளில் சாய்ந்தது. கண் சொருகும் நேரத்தில் தோள் சுட ஆரம்பித்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் குளிரா வைங்கண்ணே," என்றாள் மறுநாள்.

"வைக்கலாம்மா. பதிமூணுன்னா சாயங்காலம் முழுக்கத் தாங்கும். ஆனா பையனோட குரல் மறந்துடும். பதினொண்ணுன்னா நாள் முழுக்கத் தாங்கும், முகமும் போயிடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சுவரில் இருந்த ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினார். "எனக்கும் இதே சூடு இருந்துச்சு. ஒவ்வொண்ணா இறக்கி ஆறு வரைக்கும் போனேன். எதுல எது போச்சுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். அது எம் பொண்டாட்டின்னு எல்லாரும் சொல்றாங்க. நம்பித்தானே ஆகணும்?"

ஓராண்டு காலம் பதினைந்திலேயே ஓட்டினாள். அதற்குள் குழந்தை ஒரு மணி நேரம் முடியும்போது, யாரும் சொல்லாமலே மடியிலிருந்து இறங்கிக்கொள்ளப் பழகிவிட்டது. மூன்று வயதில் இந்தப் பக்குவம் எதற்கு? இவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று மாலை புருஷனிடம், "அவன் ஸ்கூல்லேருந்து வந்ததும் வாசல்ல நின்னு கூப்பிடுவானே, அதே மாதிரி ஒரு தடவை கூப்பிடுங்களேன்," என்றாள். பிள்ளையின் குரல் அவனுக்கு அச்சு அசலாக வரும். வாசலில் போய் நின்று, "அம்மோவ்" என்று இழுத்துக் கூப்பிட்டான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். மறுநாள் பதின்மூன்று டிகிரியில் மூன்று நிமிஷம் உட்கார்ந்தாள்.

மகள் வழக்கம்போல் ஒரு மணி நேரத்தில் இறங்கப் பார்த்தாள். இவள் விடவில்லை. இருட்டும் வேளையில் குழந்தை தோளிலேயே தூங்கிப்போனது. புருஷனுக்கு மனசு கேட்கவில்லை. வாசலுக்குப் போய், "அம்மோவ்" என்றான்.

"யார் வீட்டுப் பிள்ளையோ அம்மாவைத் தேடுது. பாவம், என்னன்னு பாருங்க," என்றாள் அவள்.

அவன் தெருமுனை வரைக்கும் போய் அழுதுவிட்டு வந்து, "யாரும் இல்ல," என்றான். அவள் தலையாட்டிவிட்டு, மகளை மெதுவாக மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.