வெட்டுப்பட்ட வயர்

ஹாலிதா வண்டியை விட்டு இறங்கும்போதே கைப்பைக்குள்ளிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். மேலே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் வண்டி எலக்ட்ரீஷியனான ஜெகினுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ரேடார் டிடெக்டர். ரோட்டோர ஸ்பீட் கேமரா நெருங்கும்போது கத்தி எச்சரிக்கும் கருவி.

"இது இங்க வைக்கக் கூடாதுக்கா. பிடிச்சா பெரிய ஃபைன் போடுவான்."

"தெரியும் தம்பி. ஆனா ஸ்பீடுக்கு இன்னும் ஒரு பிளாக் பாயிண்ட் விழுந்தா என் லைசென்ஸ் போயிரும். லைசென்ஸ் போனா வேலையும் போச்சு. வெளிய தெரியாம வயர் ஓட்டுறதுல ஒங்கைய அடிச்சுக்க ஆளில்லன்னு சொன்னாங்க."

ஹாலிதா காயல்பட்டினத்துக்காரர். மருந்துக் கம்பெனி ஒன்றுக்காக ஷார்ஜாவிலிருந்து ஃபுஜைரா வரை கடைகடையாக ஏறி இறங்குகிறவர். வண்டி புதிதல்ல; அஜ்மானில் ஒரு கராஜில் பழசாகத் தேடி வாங்கியது. ஜெகின் கொஞ்சம் தயங்கினான். கடைசியில் அவனை இளக்கியது அவருடைய கஷ்டமா, தன் கையைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தையா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற இடமாகப் பார்த்து ஃபியூஸ் பெட்டியில் இணைப்பை எடுத்தான். முன்கண்ணாடி ஓரத்துத் தூணின் பிளாஸ்டிக் மூடியைப் பைய நெம்பிக் கழற்றினான். அங்கே ஏர்பேக் மடித்து வைத்திருக்கும். அதற்கு முன்னால் வயரை விட்டால் ஆபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் சிக்கிக்கொள்ளும். பின்பக்கமாக விரலை நுழைத்தவன் நிறுத்தினான்.

அங்கே ஏற்கெனவே ஒரு கறுப்பு வயர் ஓடியிருந்தது.

எவனோ கைதேர்ந்தவன். ஏர்பேக்குக்குப் பின்னால், துணி டேப் சுற்றி, ஒரே இடைவெளி விட்டுக் கட்டியிருந்தான். தான் செய்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று ஜெகினுக்குத் தோன்றியது. ஆனால் வயரின் இரண்டு முனையும் வெட்டப்பட்டிருந்தன. மீட்டர் வைத்துப் பார்த்தான், சுழியம். உருவி எடுத்தால் கூரைத்துணி கிழியும். அதை அப்படியே விட்டு, தன் வயரையும் அதோடு சேர்த்துக் கட்டி, மூடியை மாட்டினான். கருவி ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. உற்றுப் பார்த்தாலும் தெரியவில்லை.

அடுத்த வாரமே ஹாலிதா திரும்பி வந்தார்.

"மசாஃபி பக்கம் மலை வளைவு ஒண்ணு இருக்கு தம்பி. அங்க கேமராவே கெடயாது. ஆனா டெய்லி அங்க கத்துது."

"பக்கத்து வண்டிக சென்சாரா இருக்கும்."

"ரோட்டுல வேற வண்டி இல்லாதப்பவும் கத்துதே. மத்த எடத்துல விட்டு விட்டுக் கத்தும். அங்க மட்டும் ஒரே இழுப்பா இழுக்குது, யாரோ கூப்பிடுற மாதிரி. நான் ஓரங்கட்டி நின்னா அடங்கும். கெளம்புனா மறுபடியும்."

அந்த வெள்ளிக்கிழமை மதியம் ஜெகின் அவரோடு புறப்பட்டான். தைத் ஊரைத் தாண்டியதும் கருவியின் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான். கருவியின் விளக்கு அணைந்தது. வழியில் கேமராக்களைக் கடந்தார்கள், மூச்சில்லை. இருபுறமும் பழுப்பு மலைகள் நெருங்கிவந்தன. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. வளைவு திரும்பியதும் கருவி கத்தத் தொடங்கியது.

ஹாலிதா கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், "ஃபியூஸ் ஒங்கிட்டதானே இருக்கு?" என்றார்.

ஜெகின் உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

ஓரமாக நிறுத்தினார்கள். ஜெகின் தூண் மூடியைக் கழற்றினான். தன் வயரில் மீட்டரை வைத்தான், சுழியம். பிறகு, ஏனென்று தெரியாமலே, அந்தப் பழைய வயரின் வெட்டுமுனையில் வைத்தான். முள் ஏறி, பேட்டரியில் நிற்க வேண்டிய அளவில் நின்றது. எதிலும் இணையாத, இரண்டு பக்கமும் வெட்டிய வயர். தொட்டுப் பார்த்தான். மனிதக் கை அளவுக்குச் சூடாக இருந்தது.

"மாதாவே," என்றான் மெதுவாக. ஹாலிதாவின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன.

திரும்பிப் போய்விடலாம் என்று இருவரில் யாரும் சொல்லவில்லை. ஜெகின் இறங்கி நடக்க, ஹாலிதா வண்டியை அவனோடு ஊர்ந்து செல்ல விட்டார். முன்னே போனால் சத்தம் தேய்ந்தது. பின்னால் வந்தால் வலுத்தது. ஓர் இடத்தில் தாங்க முடியாத அளவுக்கு ஓங்கியது. அங்கே நின்று, தடுப்புக் கம்பிக்கு மேலாகக் குனிந்து பள்ளத்தைப் பார்த்தான். பாறை, காட்டாறு கொண்டுவந்து தள்ளிய சரளை, முள்மரம். அதற்கப்பால் பாறையிடுக்கில் கண்ணாடித் துண்டுபோல் ஏதோ சிவப்பு.

வண்டியின் பின்விளக்கு.

சரிந்து சரிந்து இறங்கினான். ஒரு பிக்கப் பாதிக் கதவுவரை சேற்றில் புதைந்து, சேறு காய்ந்து பாறை நிறமாகியிருந்தது. உள்ளே ஒருமுறைதான் பார்த்தான். ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்தவரின் முகம் முகமாக இல்லை. இருக்கையில் டூல்ஸ் பை வாய் திறந்து கிடந்தது; அதில் துணி டேப் உருண்டைகள்.

மேலே ஏறி வந்தபோது கருவி அடங்கியிருந்தது. மீட்டரை மறுபடி வைத்தான். சுழியம். வயர் குளிர்ந்திருந்தது.

"கதவுல ஒரு கராஜ் பேரு எழுதியிருக்குக்கா," என்று பேரைச் சொன்னான்.

ஹாலிதா ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்தார். "இந்த வண்டிய நான் வாங்குன எடம் அதுதான்."

கருவியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் போலீஸுக்குப் போன் செய்தார். ஏன் இங்கே நிறுத்தினீர்கள் என்று அவர்கள் கேட்டபோது, தலை சுற்றியது என்றார். அது முழுப் பொய்யும் இல்லை.

இறந்தவர் அழகுமலை. பரமக்குடிப் பக்கத்து ஆள், அந்தக் கராஜின் எலக்ட்ரீஷியன். மழைநாள் ஒன்றில் ஃபுஜைராவுக்குப் பார்ட்ஸ் எடுக்கப் போனவர் திரும்பவில்லை. பிக்கப்பைத் திருடிக்கொண்டு ஓமானுக்கு ஓடிவிட்டான் என்று முதலாளி புகார் கொடுத்திருந்தார். ஊரிலும் அதையே சொல்லியிருந்தார்கள். வேறொருத்தியோடு போய்விட்டான் என்றுகூட ஒரு பேச்சு.

கராஜ் ஆட்களிடம் நம்பர் வாங்கி, ஜெகின்தான் அவர் மனைவி நாகஜோதியைக் கூப்பிட்டான். அழுகையை எதிர்பார்த்துச் சொல்லி முடித்தான்.

"அப்ப அவரு ஓடிப்போகல."

"இல்லக்கா. வேலையாத்தான் போனாரு."

"அத அந்த மொதலாளி வாயால சொல்லணும் தம்பி. திருடன்னு இங்க ஊருக்கே போன் போட்டுச் சொன்ன ஆளு."

முதலாளியிடம் ஜெகின் தனியாகப் போகவில்லை. ஹாலிதாவும் கூட வந்தார். முதலாளி பெஷாவர்க்காரர். ஜெகின் நாகஜோதியைக் கூப்பிட்டு மேசைமேல் போனை ஸ்பீக்கரில் வைத்ததும் அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அழகு சோர் நஹி தா, பெஹன். கல்தி மேரி ஹை. மாஃப் கரோ."

அழகு திருடனில்லை, தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்று ஜெகின் தமிழில் சொல்ல வாயெடுத்தான்.

"புரியுது தம்பி," என்றாள் நாகஜோதி. போனில் கோழிச் சத்தமும் ஆட்கள் வந்து கூடும் பேச்சும் கேட்டன. "இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க. மாமனாரு இப்பத்தான் வந்து உக்காந்தாரு."