மூன்று குழாய் இரத்தம்

ஞாபகமறதி பற்றிய ஆய்வுக்கு இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். எழுபத்திரண்டு வயதுக்காரியைக் காபிகூட இல்லாமல் எங்கள் பிராங்க்ஸ் பகுதிப் பேருந்தில் இடிபட வைத்துவிட்டு, அப்புறம் அவளுடைய ஞாபகசக்தியைச் சோதிப்பார்களாம். நல்ல நியாயம்!

கூடவே என் மகள் யாடிரா. இதற்கென்றே ஆர்லாண்டோவிலிருந்து விமானம் ஏறி வந்திருக்கிறாள். எனக்கு மதிப்பெண் குறைந்தால் என் வீட்டைக் காலிசெய்துவிட்டு என்னைத் தன்னோடு அள்ளிக்கொண்டு போவதாகத் திட்டம். எனக்கு அது தெரியாது என்று அவளுக்கு நினைப்பு.

இட்செல் என்ற ஆய்வுக்காரப் பெண் மூன்று குழாய்களை நிரப்பினாள்.

"இதுல என்ன கண்ணு பார்ப்பீங்க?"

"சாப்பாடு செரிச்ச பிறகு உடம்பு விட்டுவைக்கிற பொடிப்பொடி மிச்சமெல்லாம் ரத்தத்துல ஓடும், நெரேய்டாம்மா. நம்ம லத்தீன் அமெரிக்க ஜனங்கள்ல யாருக்கு வயசானா ஞாபகம் குறையும்னு அதை வச்சு முன்னாடியே சொல்ல முடியுமான்னு பார்க்கிறோம்."

"எனக்கு எப்படின்னு சொல்வீங்களா?"

"தனித்தனியா சொல்ல முடியாதுங்க. ஆயிரக்கணக்கான பேரோடதைச் சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதாவது தெரியும்."

ஆக, இரத்தம் என்னுடையது, பதில் ஊருக்கு. ஊருக்காவது பிரயோஜனப்படட்டும்.

பிறகு பன்னிரண்டு வார்த்தைகளைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். ஐந்துதான் வந்தது. ஏழு வருஷத்துக்கு முன் இதே ஆய்வுக்கு வந்தபோது ஒன்பது சொன்னேன். அது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

வீட்டில் அம்மா எப்படி என்று இட்செல் கேட்டதுதான் தாமதம், யாடிரா கொட்டித் தீர்த்தாள். "அப்பா செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. இன்னும் தினம் காலைல அவருக்கு ஒரு கப் காபி ஊத்தி வைக்கிறாங்க."

இட்செல் எழுத ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எழுதாத! அவர் செத்தது எனக்குத் தெரியாதா? செத்ததாலதான் ஊத்தி வைக்கிறேன். உயிரோட இருந்தப்ப அவரே போட்டுக் குடிச்சாரு."

இட்செல் சிரித்துவிட்டாள். "எங்க வீட்லயும் தாத்தா படத்துக்கு வைப்பாங்க" என்று சொல்லி, எழுதியதை அடித்துவிட்டாள். யாடிரா சிரிக்கவில்லை.

கடைசியாக ஒரு தாள். அடுத்த முறை யாரைக் கூப்பிடுவது, எந்த எண்ணில்? யாடிரா பேனாவை எடுக்கப் போனாள். நான் பிடுங்கிக்கொண்டு என் எண்ணை எழுதினேன். கடைசி இரண்டு இலக்கம் வரவில்லை. என் சொந்த எண்.

"பார்த்தியாம்மா?" என்றாள் யாடிரா மெதுவாக. அவள் கண் கலங்கியிருந்தது.

நான் பையிலிருந்து போனை எடுத்தேன். பார்த்து, மிச்ச இரண்டு இலக்கத்தையும் அழுத்தி எழுதினேன்.

"பார்த்தேன். மறக்கத்தான் செய்யுது. இன்னும் மறப்பேன். ஆனா எங்க உட்கார்ந்து மறக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். என் வீட்டுல உட்கார்ந்து மறப்பேன். உனக்கு அவ்வளவு கவலையா இருந்தா, நீ இங்க வந்து இருந்து ஞாபகப்படுத்து."